சர்வீஸ் தொழிலில் கஸ்டமர் ஏன் விட்டுப் போகிறார், ஏன் திரும்பி வருகிறார்? வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்து ஆட்கள் பேசலாம்

பாலாற்றங்கரை (இழை தொடங்கியவர்)

சத்துவாச்சாரியில் ஏசி, ஆர்ஓ (குடிநீர் சுத்திகரிக்கிற மெஷின்) சர்வீஸ் செய்கிறேன். டெக்னீஷியன்கள், ஹெல்பர்கள் என்று சின்ன டீம். பங்குனி பிறந்துவிட்டால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எல்லார் வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் மக்கர் பண்ணும். இப்போது சீசன் ஓய்ந்திருக்கிறது, உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் ரேட்தான். ஜெனரல் சர்வீஸுக்கு எவ்வளவு, கேஸ் ஃபில்லிங்குக்கு எவ்வளவு, பக்கத்துக் கடைக்காரர் நூறு ரூபாய் குறைத்துச் செய்கிறார், நாங்கள் என்ன செய்வது என்று. வேறு ஆளை விட்டுவிட்டு எங்களிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் நான் காரணம் கேட்பேன். "அவர் காசு அதிகம் வாங்கினார்" என்று சொல்கிறவர்கள் மிகக் கொஞ்சம். பெரும்பாலோர் சொல்வது: "வர்றேன்னு சொன்னார், வரலை. போன் பண்ணா எடுக்கலை. எடுத்தா கிளம்பிட்டேன் சார், பத்து நிமிஷம்கிறார்."

அந்தப் பத்து நிமிஷம்தான் நம்ம தொழிலைக் கெடுக்கிறது. ஒருத்தர் கோர்ட் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நமக்காக வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு அம்மா கடைக்குக்கூடப் போகாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாம் அப்போது தொரப்பாடியில் வேறு ஒரு அவுட்டோர் யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருப்போம். ஏசி ரிப்பேர் ஆனதற்கு அவர் நம்மேல் கோபப்படுவதில்லை. தன் பொழுதை நாம் மதிக்கவில்லை என்றுதான் கோபப்படுகிறார். அந்தக் கோபம் நியாயமானது.

நாங்கள் செய்வது இதுதான். மணி சொல்ல மாட்டோம். "காலை 9-லிருந்து 1-க்குள்", "பிற்பகல் 2-லிருந்து 6-க்குள்", இரண்டில் ஒன்றுதான். காலை வேலை இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்தால், 12 மணிக்கு முன்னால் கடையில் இருப்பவர் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். சைட்டில் இருக்கிற டெக்னீஷியன் போன் எடுக்கட்டும் என்று விடுவதில்லை. அவர் ஏணிமேல் நின்றுகொண்டிருப்பார், எப்படி எடுப்பார்? சீசன் உச்சத்தில் "நாளை மறுநாள்தான் முடியும், அவசரம்னா இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று வேறு ஆள் நம்பரையே கொடுப்போம். கைக்குழந்தை, படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவர்கள் உள்ள வீடு என்றால் வரிசையை மாற்றுவோம், மற்றவர்களிடம் காரணம் சொல்லியே மாற்றுவோம். யாரும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

உங்கள் தொழிலில் எப்படி? ஏசிதான் என்றில்லை. லாட்ஜ், மெக்கானிக், தையல், சமையல், எதுவானாலும் எழுதுங்கள்.


லாட்ஜ் கணக்கு

நல்ல இழை. நான் காந்தி ரோடு பக்கத்தில் ஒரு லாட்ஜில் கணக்கும் ரிசப்ஷனும் பார்க்கிறேன். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சிஎம்சி ஆஸ்பத்திரி. அதைச் சுற்றி வளர்ந்ததுதான் எங்கள் தெருக்கள் எல்லாம். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி காட்பாடியில் இறங்குகிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் இல்லை இவர்கள். நோயாளியைக் கூட்டிக்கொண்டு, கையில் ஃபைலும் மனசில் பயமுமாக வருகிறவர்கள். பலர் நிலத்தை அடமானம் வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

எங்களுக்கு முதல் விதி, வாடகை பேசும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அறை வாடகையில் என்னென்ன அடங்கும், சமையல் செய்துகொள்ள அடுப்பு, பாத்திரம் உண்டா, அதற்குத் தனிக் காசா, செக்அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா, கூட ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு. இதெல்லாம் வங்காளியிலும் இந்தியிலும் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். போகிற நாளில் "இதுக்குத் தனி, அதுக்குத் தனி" என்று பில் நீட்டினால், அந்த மனுஷன் ஊருக்குப் போய் நம்மைப் பற்றி என்ன சொல்வார்?

இரண்டாவது, அட்வான்ஸ். அறையைக் காலி செய்தால் நின்ற இடத்தில் பணம் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். "ஓனர் வரட்டும், சாயங்காலம் வாங்க" என்ற பேச்சே கூடாது. அவர்களுக்கு ரயில் இருக்கும்.

//சீசன் உச்சத்தில் நாளை மறுநாள்தான் முடியும்// என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களால் அப்படிச் சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்து வந்தவர் அறையில் ஏசி நின்றால் அடுத்த நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் ஒரு அறையைக் காலியாகவே வைத்திருக்கிறோம். முதலில் அவரை அந்த அறைக்கு மாற்றிவிட்டு அப்புறம்தான் மெக்கானிக்குக்குப் போன். முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு அறை வாடகை வீண் என்றார். இப்போது அவரே அந்தச் சாவியை யாருக்கும் கொடுக்காதே என்கிறார்.

எங்களுக்கு விளம்பரம் ஒன்றும் கிடையாது. ஒரு ஊரிலிருந்து ஒரு குடும்பம் நல்லபடியாகத் தங்கிப் போனால், அதே ஊரிலிருந்து அடுத்த நோயாளி எங்கள் பேரைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வருகிறார்.


குடியாத்தம் ஸ்பேனர்

பாலாற்றங்கரை அண்ணா, நீங்க சொல்றது சரிதான், ஆனால் டூவீலர் மெக்கானிக் எல்லாருக்கும் அது பொருந்தாது. இன்ஜினைத் திறந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். பிஸ்டன் ரிங் மட்டும் என்று நினைத்துத் திறப்போம், சிலிண்டர் போர் (பிஸ்டன் ஓடுகிற உட்சுவர்) தேய்ந்திருக்கும். அதை லேத்துக்கு அனுப்ப வேண்டும். லேத்துக்காரர் எப்போது தருவார் என்று நான் எப்படிச் சொல்ல?

நான் வேறு ஒன்று செய்கிறேன். வண்டியை விடும்போது "எப்போ கிடைக்கும்" என்று கேட்டால், "சாயங்காலம் 4 மணிக்கு என்ன கோளாறு, எவ்வளவு ஆகும்னு சொல்றேன். அப்புறம்தான் எப்போ கிடைக்கும்னு சொல்ல முடியும்" என்பேன். 4 மணிக்கு நானே போன் பண்ணிவிடுவேன். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு போல்ட்டுகூட மாற்ற மாட்டேன்.

மாற்றின சாமானை ஒரு கவரில் போட்டு வண்டி ஹேண்டிலில் மாட்டிவிடுவேன். தேய்ந்த பிரேக் ஷூ, பழைய பிளக், கிழிந்த ஏர் ஃபில்டர், எல்லாம். அதை வாங்கிக்கொண்டு போய் யாரும் என்ன செய்யப் போகிறார்கள்? குப்பையில்தான் போடுவார்கள். ஆனால் கையில் வாங்கிப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்தில் "இவன் மாத்தினானா இல்லையா" என்ற சந்தேகம் போய்விடும். ரேட் விஷயத்தில் என் வழி இது: 1,500 ஆகும் என்று தெரிந்தால் 2,000 என்று சொல்லுவேன். முடிவில் 1,700 ஆனாலும் அவருக்குச் சந்தோஷம். 1,500 சொல்லி 1,700 ஆனால் சண்டை.


கோட்டை மைதானம்

நான் தொழில் செய்கிறவன் இல்லை, கஸ்டமர். ஓய்வுபெற்ற ஆசிரியர்.

குடியாத்தம் தம்பி, பழைய சாமானைக் கவரில் மாட்டிக் கொடுப்பது அருமையான பழக்கம். ஆனால் 1,500-ஐ 2,000 என்று சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த முறை நிஜமாகவே 2,000 ஆகும்போதும் நான் பேரம் பேசுவேன். பேரம் பேசும் பழக்கத்தை நீங்களே எனக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள். அதற்குப் பதில் இரண்டு தொகை சொல்லுங்கள்: "ரிங் மட்டும்னா 1,500. போர் அடிக்கணும்னா 2,000 வரைக்கும் போகும்." அதில் பொய் இல்லை, எனக்கும் மனசு தயாராக இருக்கும். கையில் பணம் இல்லையென்றால் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கவும் முடியும்.

இன்னொன்று, பில். சின்னக் கடை என்றால் பில் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளுக்கோ சேவைக்கோ ரசீது கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து யாரும் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் மனுக் கட்டணம்கூடக் கிடையாது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவருக்கு அந்தத் தாள்தான் பாதுகாப்பு. "நான் இதைத்தான் செய்தேன், இதற்குத்தான் வாரண்டி கொடுத்தேன்" என்று காட்ட வேறு என்ன இருக்கிறது?


குடியாத்தம் ஸ்பேனர்

ஐயா, இரண்டு தொகை சொல்வது நல்லாயிருக்கு. நாளையிலிருந்து அப்படியே சொல்றேன்.


ஊசிநூல்

ஆற்காட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஆரி ஒர்க். நான் எழுதுவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

எங்கள் தொழிலில் பேர் கெடுவது தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் தை, வைகாசி முகூர்த்தத்திலும்தான். வருகிற துணியை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இருப்பது இரண்டு மிஷின், ஒரு கட்டிங் ஆள். முடியாது என்று தெரியும். "இல்லைன்னு சொன்னா கஸ்டமர் போயிடுவாங்க" என்ற பயம். கடைசியில் கல்யாணப் பொண்ணு முதல் நாள் ராத்திரி கடை வாசலில் வந்து அழுதுகொண்டு நிற்கும். அதன் அம்மா ஜென்மத்துக்கும் அந்தக் கடைப் படி ஏற மாட்டார்.

நான் ஒரு நோட்டு போட்டு ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி வெளியே போக முடியும் என்று எழுதி வைத்திருக்கிறேன். லைனிங் பிளவுஸ் என்றால் ஒரு கணக்கு, ஆரி ஒர்க் இருந்தால் வேறு கணக்கு. அந்த நாள் நிரம்பிவிட்டால் நோட்டில் கோடு போட்டுவிடுவேன். அதற்குமேல் சொந்தத் தங்கச்சி வந்தாலும் "அடுத்த வாரம்தான்மா". தீபாவளிக்கு ஆர்டர் முடிந்தது என்று போர்டும் வைத்துவிடுவேன். போர்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் அடுத்த வருஷம் புரட்டாசியிலேயே துணி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மற்றவர்கள் துணி வாங்கவே கடைக்குப் போகாத நேரம் அது.

டெலிவரி தேதியைக் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வைப்பேன். போட்டுப் பார்க்கச் சொல்லி, கை பிடித்தாலும் கழுத்து இறங்கினாலும் அங்கேயே பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். ஆல்டரேஷனுக்குக் காசு வாங்குவதில்லை. அளவு எடுத்தது நான், அப்புறம் அதற்கு எப்படிக் காசு கேட்பது?

அப்புறம், எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது. ஒரு சிலர் தைத்த துணியைப் போட்டுக்கொண்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்து, வியர்வைக் கறையோடு "சரியில்லை, காசைத் திருப்பிக் கொடு" என்பார்கள். நான் சத்தம் போடுவதில்லை. கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அக்கா, உங்க அளவுக்கு என்னால தைக்க முடியலை, வேற இடம் பாருங்க" என்று சொல்லி நோட்டில் பேரை அடித்துவிடுவேன். ஒருத்தரோடு மல்லுக்கட்டும் நேரத்தில் கடையில் நிற்கிற நாலு பேர் முகம் வாடிப்போகும்.


லாட்ஜ் கணக்கு

//கடையில் நிற்கிற நாலு பேர் முகம் வாடிப்போகும்// நூற்றுக்கு நூறு உண்மை அக்கா. ரிசப்ஷனில் ஒரு சண்டை நடந்தால் அன்றைக்கு வந்து விசாரிக்கிறவர்கள் எல்லாம் "அப்புறம் வர்றோம்" என்று நழுவிவிடுவார்கள்.


பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. தையல்கார அக்கா சொன்ன நோட்டு ஏசி தொழிலுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு டெக்னீஷியன் ஒரு நாளில் செய்யக்கூடிய ஒழுங்கான வாட்டர் சர்வீஸ் நான்கோ ஐந்தோதான். எட்டு ஒத்துக்கொண்டால் கடைசி மூன்று வீட்டில் ஃபில்டரை மட்டும் தட்டிவிட்டு வந்துவிடுவார். அதற்கு முதலாளிதான் பொறுப்பு, பையன் இல்லை.

இப்போது நான் மனசில் வைத்திருந்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன். கேஸ்.

"போன வருஷம்தான் கேஸ் அடிச்சேன், இந்த வருஷமும் தீர்ந்துபோச்சாம்" என்று சொல்லாத கஸ்டமரே இல்லை. ஏசிக்குள் இருக்கிற கேஸ் தீராது. பெட்ரோல் மாதிரி எரிந்து போகிற சரக்கு இல்லை அது. மூடிய காப்பர் லைனுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். ஃப்ளேர் நட் தளர்ந்திருக்கலாம், காயில் அரித்திருக்கலாம். லீக்கைக் கண்டுபிடிக்காமல் டாப்அப் மட்டும் அடித்துக் காசு வாங்குவது கஸ்டமர் தலையில் மிளகாய் அரைப்பது. சீக்கிரமே மறுபடியும் போன் வரும். அவர் நம்மைத் திட்டுவார், அல்லது திட்டாமல் வேறு ஆளைக் கூப்பிடுவார்.

ஒழுங்கான முறை இதுதான்: நைட்ரஜன் ஏற்றி பிரஷர் நிற்கிறதா பார்க்க வேண்டும், சோப்பு நுரை வைத்து லீக்கைப் பிடிக்க வேண்டும், அடைக்க வேண்டும், பிறகு வாக்யூம் பம்ப் போட்டு லைனில் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். அதன்பிறகுதான் எடை பார்த்து கேஸ். ஈரம் உள்ளே தங்கினால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸரையே தின்றுவிடும். இப்போது வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. அது லேசாகத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ். லைனில் கேஸை வைத்துக்கொண்டு பற்றவைக்கிற டார்ச் (நெருப்பு) அடிப்பது கஸ்டமர் வீட்டுக்கும் நம்ம பையனுக்கும் சேர்த்து ஆபத்து.

இதையெல்லாம் செய்ய நேரம் ஆகும், காசும் ஆகும். அங்கேதான் கஸ்டமரிடம் பேசத் தெரிய வேண்டும். நான் என் பசங்களுக்குச் சொல்வது, எதையும் காட்டிவிட்டுச் சொல். கேஜை (கேஸ் பிரஷர் காட்டுகிற மீட்டர்) போடும்போது வீட்டுக்காரரைப் பக்கத்தில் கூப்பிடு. பழைய ஆர்-22 கேஸ் மெஷின் ஓடும்போது 60-70 பிஎஸ்ஐ காட்டும். ஆர்-32 என்றால் நூறுக்கு மேலே நிற்க வேண்டும். முள் எங்கே இருக்கிறது என்று அவரே பார்க்கட்டும். கம்ப்ரஸரை ஸ்டார்ட் பண்ண உதவுகிற கெப்பாசிட்டரும் அப்படித்தான். அதன் மேலேயே 45 மைக்ரோ ஃபாரட், கூட்டினாலும் குறைத்தாலும் 5 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். மீட்டரில் 31 காட்டினால், அச்சையும் மீட்டரையும் சேர்த்துக் காட்டு. அவருக்கு எலெக்ட்ரிகல் தெரிய வேண்டியதில்லை, 45-க்கும் 31-க்கும் வித்தியாசம் தெரியும். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாத கம்ப்ளெயிண்டில் பாதி இந்தச் சின்ன டப்பாதான். அதை மாற்றிவிட்டு "கம்ப்ரஸர் போச்சு" என்று பில் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

காட்பாடியில் விஐடி பசங்க தங்குகிற வாடகை வீடுகளில் இன்னொரு சிக்கல். போன் பண்ணுகிறவர் ஸ்டூடண்ட், காசு கொடுக்க வேண்டியவர் வீட்டு ஓனர். ஜெனரல் சர்வீஸ் என்றால் பசங்களே கொடுத்துவிடுவார்கள். ஸ்பேர் மாற்ற வேண்டுமென்றால் ஓனரிடம் போனில் பேசி, போட்டோ அனுப்பி, அவர் சரி சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேருக்கும் நடுவில் நம்ம பணம் மாட்டிக்கொள்ளும்.


அல்லாபுரம் அம்மா

ஏசி பேசினது போதும், ஆர்ஓ பற்றிச் சொல்லுங்க தம்பி. எங்க வீட்டுக்கு வருகிறவர் வருஷா வருஷம் மெம்பரேன் மாத்தணும்னு சொல்றார். மாத்தணுமா?


பாலாற்றங்கரை

அம்மா, காலண்டரைப் பார்த்து மெம்பரேன் (உப்பை வடிகட்டுகிற சவ்வு) மாற்ற வேண்டியதில்லை. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) பார்க்கிற மீட்டர் பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழாயில் வருகிற தண்ணீரை ஒரு டம்ளரில், ஆர்ஓவிலிருந்து வருகிறதை ஒரு டம்ளரில் பிடித்து இரண்டையும் பாருங்கள். உள்ளே போவது 1,200, வெளியே வருவது 100 என்றால் மெம்பரேன் நன்றாக இருக்கிறது. அதே வீட்டில் வெளியே வருவது 400-ஐத் தாண்டிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வருகிற ஆளை இரண்டு அளவையும் உங்கள் முன்னால் பார்த்து கார்டில் எழுதச் சொல்லுங்கள். செடிமென்ட், கார்பன் ஃபில்டர்கள் வேறு. அவற்றை வேளாவேளைக்கு மாற்றினால்தான் மெம்பரேன் தாங்கும்.

உங்கள் வீட்டுக்கு போர் தண்ணீரா, காவிரித் தண்ணீரா? இந்தியத் தர நிர்ணய அளவுப்படி குடிநீரில் டிடிஎஸ் 500 வரைக்கும் இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. உங்கள் குழாய்த் தண்ணீர் 500-க்குள் இருந்தால் உப்பைக் குறைக்க ஆர்ஓ தேவையே இல்லை, யுவி (கிருமியைக் கொல்கிற ஒளி விளக்கு) போதும். தண்ணீரும் வீணாகாது. இதைச் சொல்லி ஆர்ஓ விற்காமல் திரும்பிய வீடுகள் எங்களுக்கு உண்டு. அந்த வீட்டுக்காரர்கள்தான் ஏசி வாங்கும்போது முதலில் எங்களுக்குப் போன் பண்ணுகிறார்கள்.


அல்லாபுரம் அம்மா

போர் தண்ணிதான் தம்பி, பக்கெட்டெல்லாம் வெள்ளையா படியும். மீட்டர் வாங்கிப் பார்க்கிறேன்.


ஆம்பூர் தேக்சா

கேட்டரிங் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஆம்பூர். கல்யாணம், வலீமா, காதுகுத்து எல்லாவற்றுக்கும் பிரியாணி போட்டுக் கொடுக்கிறோம். எங்கள் பக்கம் சீரகசம்பா அரிசி, அரிசிக்குச் சமமாகக் கறி, கூடக் கத்திரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும்.

எங்கள் தொழிலில் கஸ்டமர் யார் என்பதே குழப்பம். காசு கொடுப்பது பெண் வீட்டார், சாப்பிடுவது ஐந்நூறு பேர். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கறியோடு சாப்பிட்டு வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டுக்காரரும் அவருடைய நெருங்கிய சொந்தமும் உட்காருவது கடைசிப் பந்தியில். பரிமாறுகிற பையன் மேலாகக் கறியை வாரி வாரி முதலிலேயே போட்டுவிட்டிருந்தால், கடைசியில் வெறும் குஸ்காதான் மிஞ்சும். காசு கொடுத்தவன் இலையில் கறி இல்லை என்றால் அந்த வீட்டு விசேஷம் நமக்கு அதோடு சரி.

அதனால் தேக்சா (பிரியாணி அண்டா) எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தம் உடைக்க விட மாட்டேன். ஒன்று முடிகிற தறுவாயில்தான் அடுத்தது. கடைசித் தேக்சா எனக்குத் தெரியாமல் திறக்கக் கூடாது. அடியிலிருந்து பக்கவாட்டில் தட்டை விட்டு எடுக்கிற ஆள் ஒருத்தரை மட்டும்தான் வைப்பேன். கிளறினால் அரிசியும் உடையும், கறியும் கணக்கில்லாமல் போகும்.

இன்னொரு சங்கதி, கூலி. சமையல் மாஸ்டருக்கும் பரிமாறுகிற பசங்களுக்கும் அன்றைக்கு ராத்திரியே கணக்கு முடித்துவிடுவேன். எனக்குப் பார்ட்டி பாக்கி வைத்திருந்தாலும் சரி. கூலி வருமா வராதா என்று நினைத்துக்கொண்டே ஒருத்தன் விருந்தாளிக்குச் சிரித்த முகத்தோடு சோறு போட மாட்டான்.


பாலாற்றங்கரை

ஆம்பூர் அண்ணன் சொன்ன கூலி விஷயத்தோடு ஒன்று சேர்க்கிறேன். "டெக்னீஷியன் தொழில் கற்றுக்கொண்டு நம்ம கஸ்டமர் நம்பரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுகிறான்" என்று புலம்பாத முதலாளி இல்லை. போகத்தான் செய்வார்கள். கஸ்டமருக்கு நம்ம கடையைத் தெரியாது, வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றி, கீழே பழைய பெட்ஷீட் விரித்து, வேலை முடிந்ததும் சுவரில் பட்ட அழுக்கைத் துடைத்துவிட்டுப் போன அந்தப் பையனைத்தான் தெரியும். நல்ல சம்பளம், சீசனில் இன்சென்டிவ், ஏணி வேலைக்கு பெல்ட், இதெல்லாம் கொடுத்தால் சிலர் தங்குவார்கள். போகிறவர்களைச் சண்டை போடாமல் அனுப்பிவைத்தால் சீசனில் நமக்கு முடியாத வேலையை அவர்களுக்குத் தரலாம். மேலே சொன்ன அந்த வேறு நம்பர் எங்களிடமிருந்து போன ஒரு தம்பியுடையதுதான்.

திரும்ப வருகிற கம்ப்ளெயிண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வீஸ் செய்த ஏசியில் ஒரு வாரத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று போன் வந்தால், அது மறுநாள் காலையின் முதல் வேலை. விசிட்டிங் சார்ஜ் பேச்சு கிடையாது. வாசலில் நின்று "நாங்க பண்ணும்போது நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லவே கூடாது என்று பசங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நல்லாத்தான் இருந்திருக்கும். டிரெயின் பைப்பில் பிறகு பூச்சி கூடு கட்டியிருக்கலாம். அதை எடுத்துக் காட்டினால் அவரே "அட, இதுவா" என்பார். புது கஸ்டமர் பத்து வேலையைவிட இந்த ஒரு வேலைக்கு முதலில் போவதால்தான் பழைய கஸ்டமர் நிற்கிறார்.


புதுப்பேட்டைப் பையன்

வணக்கம் அண்ணா. ஐடிஐயில் ஏசி முடித்துவிட்டு மூன்று வருஷம் ஒரு கடையில் வேலை பார்த்தேன். தையிலிருந்து தனியாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். ஜிஎஸ்டி எடுக்கணுமா? சொந்தக்காரர்கள் ஓசியில் கேட்டால் என்ன செய்வது? கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது, முதலில் எதை வாங்குவது?


கோட்டை மைதானம்

ஜிஎஸ்டிக்கு நான் சொல்கிறேன். சேவைத் தொழிலில் வருஷ விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வாங்கக் கூடாது. உத்யம் (சிறு தொழில்) பதிவு இணையத்தில் இலவசம், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.


ஊசிநூல்

தம்பி, சொந்தக்காரர்களுக்கும் முழுத் தொகைக்கு பில் போடு. அதற்குக் கீழே தள்ளுபடி என்று எழுதிக் குறைத்துக்கொள். வேலையின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை அவர்களே பாதியாவது கொடுப்பார்கள்.


லாட்ஜ் கணக்கு

பாலாற்றங்கரை சார், எங்கள் லாட்ஜுக்கு ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேசலாமா? பங்குனிக்கு முன்னால் எல்லா மெஷினும் ஒரு ரவுண்டு பார்த்துவிட வேண்டும்.


பாலாற்றங்கரை

தாராளமாகப் பேசலாம் சார். மாசியிலேயே முடித்துவிடுவோம், ஒரு நாளைக்கு நான்கு அறை. நோயாளி தூங்குகிற நேரம் எது என்று நீங்கள் சொன்னால் அதற்குத் தகுந்தபடி வருவோம். ஏஎம்சியில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போடுவதற்கு முன் முதலாளியையும் படிக்கச் சொல்லுங்கள்.

புதுப்பேட்டைத் தம்பி, முதல் பணத்தில் கெப்பாசிட்டர் பார்க்கிற கிளாம்ப் மீட்டர், ஆர்-32-க்குப் பொருந்துகிற கேஜ், வாக்யூம் பம்ப், எடை பார்க்கிற தராசு. பெல்ட்டையும் சேர்த்துக்கொள். பேனர், விசிட்டிங் கார்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பில் புக் மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்: என்ன கோளாறு, என்ன மாற்றினாய், எத்தனை நாள் வாரண்டி, எது வாரண்டியில் வராது.


புதுப்பேட்டைப் பையன்

பம்ப் புதுசா வாங்கட்டுமா, செகண்ட் ஹேண்டா அண்ணா?


பாலாற்றங்கரை

பழசு என்றால் ஆயில் நிறம் பார், கறுத்திருந்தால் வேண்டாம். கேஜ் மாட்டி வால்வை மூடிவிட்டு முள் இறங்கி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் 2-க்கு மேல் கடைக்கு வா, எங்களிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள், காசு சீசன் முடிந்து கொடுத்தால் போதும்.